கியர் ஆயிலும் மெய்ப்பிக்கும் சுமையும்

ஸ்போர்ட்ஸ் காரின் கியர்பாக்ஸில், கம்பெனி விற்கும் ஆயிலை விட்டுவிட்டு வெளியே வாங்கிய ஆயிலை ஊற்றலாமா? ஊற்றினால் வாரண்டி போய்விடுமா? மெக்கானிக்கிடம் கேட்கவேண்டிய கேள்விகள் போலத் தோன்றும் இவற்றுக்குள் தத்துவத்தின் பழைய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. பிறர் சொல்லை எதுவரை நம்பலாம்? ஒரு வாக்கைக் கொடுத்தவர் எப்போது அதிலிருந்து விலகலாம்?

முதலில் பொருளைப் பார்க்கவேண்டும். கையால் மாற்றும் கியர்பாக்ஸில் ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். பல்லோடு பல் அழுந்தும் இடத்தில் அது உராய்வைக் குறைக்கவேண்டும். கியர் மாறும் கணத்திலோ, சிங்க்ரோ வளையம் கூம்புப் பரப்பில் உரசித்தான் வெவ்வேறு வேகத்தில் சுழலும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே அளவான பிடிப்பு வேண்டும். ஆயில் அதிகம் வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் கரகரக்கும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தரக்குறியீடுகளில் 5 என்ற எண்ணைப் பார்த்து அதுதான் மேலானது என்று வாங்குவோர் உண்டு. அது உண்மையில் பின் அச்சின் ஹைப்பாய்டு கியர்களின் கடும் அழுத்தத்துக்கென வந்த தரம். கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதில் கூடுதல். சில வகைகளில் அந்தக் கந்தகம் பித்தளை வளையத்தையே அரித்துவிடும். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸுக்கு அது உயர்ந்த ஆயில் அல்ல, பொருந்தாத ஆயில்.

இதையெல்லாம் உரிமையாளர் எப்படி அறிவார்? மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, அடுக்குகிறான். சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அவற்றை அடக்குகிறது. கார்க்காரருக்குக் கிடைக்கும் காட்சி மிகச் சொற்பம். ஆயிலை வடிக்கும்போது திருகாணியின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். அதில் எஃகுச் சில்லுகள் இருந்தால் பல் உடைகிறது என்று கருதலாம். வடிந்த ஆயிலில் காந்தம் இழுக்காத பொன்னிற மினுக்கு மிதந்தால் சந்தேகம் வளையத்தின் மேல் போகும். ஆனால் இவையெல்லாம் சேதம் தொடங்கிய பிறகு தெரிபவை. வாங்கும் நேரத்தில் அவர் கையில் இருப்பது உரை ஒன்றுதான்.

உரை அளவையாக நிற்க, சொல்பவர் பொருளை அறிந்தவராகவும் பொய்யுரைக்க முகாந்திரம் இல்லாதவராகவும் இருக்கவேண்டும் என்று நம் தர்க்கமரபு கேட்கிறது. கார் கம்பெனி கியர்பாக்ஸை அறியும். ஆனால் தன் ஆயிலையும் விற்கிறது. வெளி நிறுவனம் தன் ஆயிலை அறியும். அதுவும் விற்கத்தான் பேசுகிறது. இருவருக்கும் அறிவு உண்டு, ஆதாயமும் உண்டு. ஆகவே யார் சொன்னார் என்பதை விட்டு, சொன்னதில் சோதிக்கத்தக்கது எது என்று பார்ப்பதே சரி. பாகுத்தன்மை 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4 என்பவை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக்கூடிய குணங்கள். தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அதற்கு அடுத்த வலு. ‘எல்லாக் கார்களுக்கும் ஏற்றது’ என்ற புட்டி வாசகத்துக்கு வலு மிகக் குறைவு.

அமெரிக்கச் சட்டம் இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 1975-இல் நடைமுறைக்கு வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, இன்ன பிராண்டின் பொருளைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக்கூடாது. அந்தப் பொருளை இலவசமாகத் தந்தால் போடலாம். அது இல்லாமல் சாதனம் சரியாக இயங்காது என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் நிரூபித்து விலக்குப் பெற்றாலும் போடலாம். பெயரைக் கேட்கத் தடை. குணத்தைக் கேட்கத் தடையில்லை. மினி கார்களின் வாரண்டியை மினி உதிரிபாகங்களோடும் டீலர்களோடும் கட்டியதாக பிஎம்டபிள்யூவின் அமெரிக்க நிறுவனத்தின் மேல் ஆணையம் சாட்டிய குற்றச்சாட்டு 2015-இல் சமரசத்தில் முடிந்தது.

வெளி ஆயில் ஊற்றிய பின் கியர்பாக்ஸ் உடைந்தால் என்ன ஆகும்? ஆயில் மாறியது, பின்பு உடைந்தது என்பது மட்டும் காரணமாகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். அந்த ஆயிலால்தான் சேதம் என்று காட்டவேண்டியவர் வாரண்டியை மறுப்பவர். இது நியாயமானதே. கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்கும் பட்டறையும், அதன் வரைபடமும், அதே மாதிரி உடைந்த மற்றக் கியர்பாக்ஸ்களின் விவரமும் கம்பெனியிடம்தான் இருக்கின்றன. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. என்ன உடையும், ஏன் உடையும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் வாரண்டி என்ற வாக்கே பிறக்கிறது. அந்த அறியாமையின் பாரத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி காரை விற்றவர், காரணம் தெளிவாகாத இடத்தில் அதை வாங்கியவர் தலையில் இறக்கினால், கொடுத்த வாக்கில் எதுவும் மிஞ்சாது.

இதனால் உரிமையாளர் பொறுப்பற்றவர் ஆகிவிடுவதில்லை. ஜிஎல்-4 கேட்ட இடத்தில் பொருந்தாத ஒன்றை ஊற்றி வளையம் அரித்துப்போனால் காரணம் தெளிவு. அந்தச் சேதத்தை ஏற்க மறுப்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சாக்கிட்டு ஜன்னல் மோட்டாருக்கும் வாரண்டி இல்லை என்பது அநியாயம். வாங்கிய ரசீது, புட்டியின் தரக்குறியீடு, மாற்றிய தேதி, ஓடிய மைல் ஆகியவற்றைக் குறித்து வைப்பது அவர் கடமை. வழக்கில் அவர் வென்றால் வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே தரும்படி நீதிமன்றம் ஆணையிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் வழக்கு முடியும்வரை கார் ஓடாமல் நிற்பது அவர் வீட்டில்தான். மெய்ப்பிக்கும் சுமை சட்டத்தில் கம்பெனிமேல் இருக்க, காத்திருக்கும் சுமை நடைமுறையில் அவர்மேல் விழுகிறது.

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் கேள்வி இன்னும் கடினம். ஈரக் கிளட்ச் கொண்ட பலவற்றில் ஒரே திரவம் பற்களுக்கு மசகாகவும், கிளட்சுக்குக் குளிர்ச்சியாகவும், வால்வுகளை இயக்கும் ஹைட்ராலிக் அழுத்தமாகவும் வேலை செய்கிறது. அங்கே பொருந்தும் குணங்களின் எல்லை மிகக் குறுகியது. அவை எல்லாம் வெளியிடப்படுவதும் இல்லை. அளந்து ஒப்பிடக் குணமே கைக்கு எட்டாதபோது, கம்பெனி திரவத்தையே ஊற்றுவதற்கு வாரண்டி பற்றிய அச்சத்தைவிட வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. வாரண்டிக் காலம் முடிந்த பிறகும் அந்தக் காரணம் அப்படியே நிற்கும்.