நந்தன் கேட்ட விடுப்பு

ஒரு வேலி என்பது 20 மா. ஏக்கரில் சொன்னால் ஆறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. நாற்பது வேலி ஏறத்தாழ 266 ஏக்கர். அத்தனையையும் உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்துவிட்டுத் தில்லைக்குப் போ என்று பண்ணையாள் நந்தனிடம் நிலத்துக்குச் சொந்தக்காரரான வேதியர் சொல்கிறார். சம்பா விளைய ஐந்து மாதம் பிடிக்கும், திருவாதிரையோ நெருங்கிவிட்டது. விடுப்பு இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பம் நீட்டிய எவருக்கும் பழகிய பதில்தான்.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வரும் காட்சி இது. நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த பாரதிக்கு மிராசுதார்களையும் தெரியும், அவர்களுடைய சேற்றில் நின்றவர்களையும் தெரியும். 1860களின் தொடக்கத்தில், காரைக்கால் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவோடு நூல் அச்சேறியது. அதற்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் மனம் கொள்ளவில்லை. இலக்கணப் பிழைகள் அவரை உறுத்தின. பாரதி விடாமல் போய்க் காத்திருந்தாராம்; ஒருநாள் அவர் தம்மை மறந்து பாடியதைக் கேட்டுத்தான் பிள்ளை இளகினாராம். நாளை, நாளை என்று ஏங்கியவனைப் பாடியவருக்கும் நாளை சொல்ல ஓர் ஆள் இருந்திருக்கிறார்!

ஆனால் பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் காட்டும் நந்தன், அதாவது திருநாளைப்போவார், கொள்ளிடக்கரை ஆதனூரில் தமக்குரிய ஊர் மானியத்தைக் கொண்டு வாழ்கிறார். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுக்கிறார். தொழிலே தொண்டாக இருக்கிறது. அவருக்கு விடுப்பு தர மறுக்கும் முதலாளி யாருமில்லை. பிறப்பைச் சொல்லி ஊர் போட்ட எல்லை மட்டும் அவர் மனத்துக்குள்ளும் இறங்கி, ‘நாளைப் போவேன்’ என்று தள்ளிப்போட வைக்கிறது.

ஒரே அடியாரைப் பற்றிய இரண்டு கதைகளில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கை வேலையில் இருக்கும்போதே மனம் இறைவனிடம் இருக்க முடியுமா என்பது சேக்கிழாருடையது. முடியும் என்பதற்கு அவருடைய 63 பேரில் குயவர், வண்ணார், சாலியர், மீனவர் என்று ஒரு பட்டியலே சாட்சி சொல்லும். பாரதி கேட்பது வேறு: அந்த மனிதனின் பொழுது யாருடையது?

செய்யும் தொழிலிலேயே தியானம் இருக்கிறதே, தனியாக நேரம் எதற்கு என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. உண்மை இல்லாமல் இல்லை. நாற்று முடியை இடக்கையில் பிடித்து, வலக்கையால் இரண்டு மூன்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடி பின்னோக்கி நகரும் நடவில் ஒரு தாளம் கூடிவரும், பாட்டும் வரும். ஆனால் இந்தத் தத்துவத்தைப் பெரும்பாலும் வரப்பில் நிற்பவர்களே சொல்வதால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பது நல்லது. குனிந்த முதுகுக்கு நிமிர்ந்து நிற்கவும் ஒரு பொழுது வேண்டும்.

அந்தப் பொழுது தஞ்சை மண்ணில் எளிதில் கிடைத்துவிடவில்லை. பண்ணையாளின் விடியலும் இரவும் மிராசுதாருக்கே சொந்தமாக இருந்தன. தாமதமாக வந்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்துப் புகட்டும் சாணிப்பால். 1940களில் பொதுவுடைமைத் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றோர் மன்னார்குடி வட்டாரத்தில் சங்கம் கட்டியபோது கேட்டவற்றில், இந்தத் தண்டனைகளை நிறுத்துவதும் ஒன்று. தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று.

ஐரோப்பாவில் 6ஆம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட் துறவி தம் மடத்துக்கு எழுதிய விதிகளில் உழைப்புக்கும் வாசிப்புக்கும் வழிபாட்டுக்கும் தனித்தனி நேரம் உண்டு. அழைப்பு ஒலித்தால் கையில் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு வர வேண்டும். மிச்சமிருக்கும் வேலை ஒரு சாக்காகாது. நாற்பது வேலி நிபந்தனைக்கு நேரெதிர் ஏற்பாடு. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு தரச் சொன்னது; வயலில் நின்றவருக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அலுவலகங்களில் தியான அறை கட்டுகிறவர்கள் முதலில் வேலை நேரத்தின் கணக்கைப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கும் கைபேசியில் வேலை வந்துகொண்டிருந்தால் அந்த அறையில் அலமாரி வைத்துக்கொள்வதே மேல்.

பாரதியின் கதையில் சிக்கலைத் தீர்ப்பது அற்புதம். ஒரே இரவில் பூதகணங்கள் நாற்பது வேலியையும் விளைவித்து வைக்கின்றன. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். தில்லையில் நந்தன் புகவேண்டிய தீ காத்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

பூதகணங்களை நம்பாமல் வேறு வழி பார்த்தவர் சுவாமி சகஜானந்தர். 1916இல் அதே தில்லையில், அதாவது சிதம்பரத்தில், நந்தனார் பெயரில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். அவர்களுடைய பகலை மாடு மேய்ப்பதிலிருந்து மீட்டுப் படிப்புக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. நந்தனார் பெயரில் பள்ளி சிதம்பரத்தில் இன்றும் நடக்கிறது, அரசுப் பள்ளியாக.