கைத்துப்பாக்கியும் கைகலப்பும்

தன்னுயிர் காக்கக் கருவி ஏந்துவது குற்றமன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஏந்திய கருவியே உயிருக்கு உலை வைக்குமானால்?

அமெரிக்கக் காவலர் பயிற்சியில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. எதிராளி நெருங்கிப் பிடித்துவிட்டால், இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கியை உறையோடு சேர்த்து ஒரு கையால் கீழ்நோக்கி அழுத்திக்கொள்ள வேண்டும். உடலைத் திருப்பி, மறு கையால் அவனை விலக்க வேண்டும். பிறர் எளிதில் உருவ முடியாதபடி உறையிலும் பூட்டுகள் உண்டு. தம் துப்பாக்கியாலேயே மாண்ட காவலர் பலர்; ஆதலின் இப்பாடம் வீணானதன்று.

எனினும் நம் உள்ளம் உறுத்துகிறது. வெறுங்கையர் இருவர் கட்டிப் புரண்டால் பெரும்பாலும் மூக்கு உடையும், பல் உதிரும். ஒருவர் இடுப்பில் துப்பாக்கி இருந்துவிட்டாலோ, அது எவர் கைக்குப் போகுமோ என்னும் அச்சத்தால் அதே சண்டை உயிர்ப் போராட்டம் ஆகிவிடுகிறது.

2014இல் மிசௌரி மாநிலத்துப் பெர்குசன் நகரில், காரின் சன்னலோரம் நிகழ்ந்த கைகலப்பில் இளைஞன் ஒருவன் தம் துப்பாக்கியைப் பற்றினான் என்றார் ஒரு காவலர். இளைஞனிடம் ஆயுதம் ஏதுமில்லை. சற்று நேரத்தில் காருக்கு வெளியே, தெருவில், அவன் சுடப்பட்டு இறந்தான். தற்காப்புக்கே சுட்டதாகக் காவலர் கூறியதை மறுக்க நம்பத்தக்க சான்றில்லை என்று கூறி, 2015இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடராமல் விட்டது. சட்டத்தின் கணக்கு அவ்வளவே. அந்த அச்சத்தை அங்கே கொண்டுவந்தது எவருடைய கருவி என்று நாம் கேட்கிறோம்.

1829இல் தொடங்கிய லண்டன் மாநகரக் காவற்படையில் பெரும்பாலோர் இன்றும் துப்பாக்கியின்றியே சுற்றி வருகின்றனர். (அந்நாட்டில் துப்பாக்கி அரிது என்பதையும் மறைக்கலாகாது.) அவர்களும் அடிபடுகிறார்கள். ஆனால் பிறன் பறித்துக்கொள்ள அவர்கள் இடுப்பில் துப்பாக்கி இல்லை.