இரவில் வண்டி ஓட்டுபவன்

மதுரையிலிருந்து காரியாபட்டி வழியே தூத்துக்குடிக்கு இரவெல்லாம் லாரிகள் விரைகின்றன. ஓட்டுபவனுக்காக எவ்வீட்டில் யார் விழித்திருக்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

2019-இல் வெளியான லோகேஷ் கனகராஜின் 'கைதி' கேட்கிறது. (சினிமா என்றதும் முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் பொறுத்தருள்க!) பாட்டில்லை, கதாநாயகி இல்லை; ஓரிரவு, ஒரு லாரி. 2017-இல் வந்த 'வீல்மேன்' என்னும் அமெரிக்கப் படம் இன்னும் சிக்கனம். அதில் காமிரா காரைவிட்டு இறங்குவதே அரிது.

பத்தாண்டுச் சிறைவாசம் முடிந்த டில்லி, தான் பார்த்தேயிராத மகளைக் காணப் புறப்படுகிறான். இடையில் அகப்பட்டு, நஞ்சு கலந்த மதுவால் மயங்கிக் கிடக்கும் காவல் அதிகாரிகளை மருத்துவமனை சேர்க்க, மனமின்றி வண்டியோட்ட இசைகிறான்.

மனமின்றித் தொடங்கியது நற்செயலாகுமா? நிய்யத்தே செயலை நிறுக்கும் என்பது நாமறிந்ததே. ஆயினும் நிய்யத்து புறப்படும்போதே முற்றுப்பெறுவதன்று. கொலைஞர் சூழ்ந்த பின்னும் அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. பின்னால் கிடந்தோர் அப்போதே அவனுக்கு அமானிதமாயினர்.

என்னை உறுத்துவது வேறு. அவ்விரவின் விலையில் ஒரு பங்கை, அநாதை இல்லத்தில் தந்தைக்காகக் காத்திருந்த சிறுமி செலுத்தினாள். அவளை எவரும் கேட்கவில்லை. ஒருவனுடைய தியாகத்தில் அவன் பிள்ளையின் பங்கை அவனே எடுத்துக் கொடுத்துவிடலாமா? படம் விடை சொல்லவில்லை; எனக்கும் தெரியவில்லை. சாலையோரத் தேநீர்க்கடையில், "விடியுமுன் வந்திடுவேன்மா" என்று கைப்பேசியில் சொல்லிவிட்டு வண்டியேறும் ஓட்டுநரைக் காணும்போதெல்லாம் அச்சிறுமியே நினைவுக்கு வருகிறாள்.