விளக்கேற்றியவள் யார்?

நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியர் சிலரிடம் ஒருவித வறுமையைக் காண்கிறோம். அவர்களுக்குள் சண்டை இல்லை, சந்தேகம் இல்லை, கடமைகளில் குறையும் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்து, மணம் முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இப்போது இருவர் மட்டுமே. ஆனால் ஒரு நாள் முழுவதும் அவர்கள் பேசியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், மாத்திரை, மின்கட்டணம், மறுநாள் சமையல் என்ற மூன்றுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே இருக்கிறார்கள்.

இந்த வெறுமை எதனால் வருகிறது? அன்பு காலத்தால் தேய்ந்துபோகும் பொருளா? தேய்ந்தது மீண்டும் வளருமா? இது குடும்பப் பிரச்சினை மட்டுமன்று; ஒருவரை அறிவது என்றால் என்ன என்ற தத்துவக் கேள்வியும் இதனுள் இருக்கிறது.

இன்றைய பீகாரின் வடபகுதியான மிதிலையில் வாழ்ந்தவர் வாசஸ்பதி மிச்ரர். நியாயம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்று பல தரிசனங்களுக்கும் உரை கண்ட பேரறிஞர். அவரது காலத்தை ஒன்பதாம் அல்லது பத்தாம் நூற்றாண்டு என்பர். சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்திற்கு அவர் எழுதிய உரையின் பெயர் ‘பாமதி’. அது அவருடைய மனைவியின் பெயர் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அதைப் பற்றி ஒரு கதை உண்டு. பல ஆண்டுகள் அவர் இரவும் பகலும் எழுதினார். ஒருத்தி தினமும் வந்து விளக்கேற்றினாள், எண்ணெய் வார்த்தாள், உணவு வைத்தாள். அவர் தலை நிமிரவில்லை. ஓர் இரவு விளக்கு மங்கியது. திரியைத் தூண்ட வந்தவளை நிமிர்ந்து பார்த்து, நீ யார் என்று கேட்டார். உங்கள் மனைவி என்றாள். அதற்குள் இருவருக்கும் முதுமை வந்துவிட்டது. வருந்திய வாசஸ்பதி தம் நூலுக்கு அவள் பெயரைச் சூட்டினார்.

இந்தக் கதையைப் பாமதியின் தியாகத்திற்கு எடுத்துக்காட்டாகவே சொல்வது வழக்கம். அவளது பொறுமை வணங்கத்தக்கதுதான். ஆயினும் கதையை அவள் நின்ற இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பெயர் நூலுக்குக் கிடைத்தது. வாழ்ந்திருக்க வேண்டிய ஆண்டுகள் கிடைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வாசஸ்பதி உரை எழுதிய அந்த பாஷ்யம் அத்யாசம் பற்றிய விசாரணையுடன்தான் தொடங்குகிறது. முன்பு கண்ட ஒன்று நினைவின் வடிவில் வேறொன்றின்மேல் ஏறித் தோன்றுவது அத்யாசம். கிளிஞ்சல் வெள்ளியாகத் தெரிவது அப்படித்தான். சங்கரர் இதை ஆன்ம விசாரத்திற்காகவே கூறினார். என்றாலும் இல்லறத்திலும் இது அன்றாடம் நிகழ்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் மனத்தில் பதிந்த ஒரு சித்திரத்தை எதிரே இருப்பவர்மீது ஏற்றி வைக்கிறோம். ‘அவர் அப்படித்தான்’, ‘அவளுக்கு இதெல்லாம் புரியாது’ என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறோம். அதன்பின் நாம் பேசுவது அந்தச் சித்திரத்துடன்தான். இதற்கிடையில் துக்கத்தாலும் நோயாலும் அனுபவத்தாலும் அந்த மனிதர் எவ்வளவோ மாறியிருப்பார். அந்த மாற்றத்தை நாம் பார்ப்பதே இல்லை.

அதே மிதிலை மண்ணில், ஜனகரின் காலத்தில், வேறொரு தம்பதியைப் பிருஹதாரண்யக உபநிஷதம் காட்டுகிறது. யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டுப் புறப்படும் நேரம். செல்வத்தைப் பங்கிட்டுத் தருகிறேன் என்கிறார். மைத்ரேயி அதை ஏற்காமல், மரணமின்மையைத் தருவது எதுவோ அதைச் சொல்லுங்கள் என்று வேண்டுகிறாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும், முன்பே பிரியமாக இருந்தவள் இப்போது இன்னும் பிரியமானவள் ஆகிவிட்டாள் என்று முனிவர் மகிழ்கிறார். பிரியப்போகும் நாளில் அன்பு வளர்கிறது! புதிதாக வந்தது ஒரு கேள்வி, அதைக் கேட்கும் செவி, அவ்வளவே.

எல்லாவற்றையும் அறிகின்ற ஆன்மாவை அறியப்படும் பொருளாக்க முடியாது என்னும் உண்மையில் போய் நிற்கிறது அவர்களது உரையாடல். கணவனிடமும் மனைவியிடமும் விளங்குவது அந்த ஆன்மாவே. எனவே, ‘இவரை முழுவதும் அறிந்துவிட்டேன்’ என்பது யாரைப் பற்றியும் சொல்லத் தகாத வாக்கியம்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நாளில் கால் மணி நேரம் தொலைக்காட்சியையும் கைபேசியையும் ஒதுக்கி வைத்துவிட்டு எதிரெதிரே அமரலாம். விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இளமையில் நீ விரும்பிக் கைவிட்டது எது? இப்போது உன்னை அச்சுறுத்துவது எது? விடை வரும்போது குறுக்கே புகுந்து நாமே முடித்து வைக்காமல் இறுதிவரை கேட்பது ஒரு தவம். தளர்ந்த கையைப் பற்றிக்கொள்ள வயதாகிவிட்டதே என்று கூசவும் வேண்டியதில்லை. அறத்திற்கு மாறுபடாத காமமாகத் தாமே இருப்பதாகப் பகவான் கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறார். இல்லறத்தாரின் உடல் நெருக்கத்தை நம் மரபு இழிவாகக் கருதியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. கொடுமையும் வன்முறையும் உள்ள இடத்திற்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. மற்றொன்று, மௌனமாக எண்ணெய் வார்ப்பதே பெண்ணின் அறம் என்று கொள்ளலாகாது. மைத்ரேயி கேட்டாள். கேட்பதும் அன்பின் கடமையே.

வாசஸ்பதி கேட்ட ‘நீ யார்?’ என்ற கேள்வியில் பிழையில்லை. வேதாந்தம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. அவர் அதைக் கேட்கும்போது விளக்கு மங்கியிருந்தது. நாம் இன்று மாலையே கேட்கலாம்.