துருவை மறைப்பதா, துடைப்பதா?

இராமநாதபுரம் கரையோரத்தில் பிறந்து வளர்ந்தோருக்கு இரும்பின் நிலையாமையைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. சன்னல் கம்பியும், கிணற்று உருளையும், வாசற்கதவின் நாதாங்கியும் நம் கண்முன்னரே செந்நிறம் பூண்டு, செதில் செதிலாய் உதிர்வதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கடல் நமக்குச் சோறு போடுகிறது. அதே கடலின் காற்று நம் இரும்பைத் தின்கிறது.

அண்மையில் கீழக்கரையில் நமக்கு வேண்டிய ஒருவர் இல்லம் சென்றிருந்தோம். கொல்லைப்புறத்தில், கீற்றுக் கொட்டகையின் கீழ் ஓர் அம்பாசிடர் கார் நின்றிருந்தது. 1972-ஆம் ஆண்டு வண்டி. கொழும்பில் வணிகம் செய்து ஊர் திரும்பிய அவருடைய வாப்பா ஆசையாய் வாங்கியது. மக்களின் திருமணங்களுக்கும், நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கும் தெருவுக்கே பயன்பட்ட வண்டி. வாப்பா மறைந்த பின்னர் அது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

மூத்த மகனாகிய நம் நண்பர் அதனைத் தம் கையாலேயே, வீட்டிலேயே சீர்செய்ய எண்ணியிருந்தார். இளையவரோ, "எடைக்குப் போட்டுவிடலாம் காக்கா! இதற்குக் கொட்டுகிற காசில் வேறு வண்டியே வாங்கலாம்" என்றார். அண்டை வீட்டார் ஒருவர் குறுக்கிட்டு, "பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் ஒரே வாரத்தில் புது வண்டி. உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். உம்மா மட்டும் எதுவும் பேசவில்லை.

காப்பது, கைவிடுவது, மறைப்பது என்னும் மூன்று வழிகளும் அங்கே நம் முன் நின்றன. இது பட்டறைக்காரர் மட்டும் தீர்க்கவேண்டிய கேள்வியன்று. பழுதுபட்ட எந்தப் பொருளின் முன்னும், ஏன், பழுதுபட்ட எந்த உறவின் முன்னும் மனிதன் எதிர்கொள்ளும் கேள்வியே இது.

முதலில் துருவின் இயல்பை அறிந்துகொள்வோம். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் கூடும்போது துரு பிறக்கிறது. உப்பு கலந்த ஈரம் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அவ்வினை பன்மடங்கு விரைகின்றது. துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே பெயிண்ட்டுக்கு அடியில் அது புடைத்துக் கொப்புளமாய் எழுகிறது. கொப்புளம் வெளியே தெரியும் வேளையில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். அம்பாசிடரின் அமைப்பில் இதற்குத் தனிப் பொருளுண்டு. அதன் உடலும் அடிச்சட்டமும் வெவ்வேறல்ல; தரைத் தகடும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும் சேர்ந்தே வண்டியின் சுமையைத் தாங்குகின்றன. அங்கே துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை. வண்டியின் முதுகெலும்பே அரிக்கப்படுகிறது.

நாங்கள் பார்த்திருக்கையிலேயே நண்பர் ஒரு திருப்புளியை எடுத்துக் கதவுக்குக் கீழே மெல்ல அழுத்தினார். அது தடையின்றி உள்ளே இறங்கிற்று. மேலே பளபளப்பான பெயிண்ட். அதன் கீழே விரற்கடைக் கனத்திற்குப் பட்டி. அதற்கும் கீழே இரும்பு இருந்த இடத்தில் செந்தூள். என்றோ ஒரு பட்டறையில் எவரோ ஒருவர், தகடு மாற்றியதாகக் கூறிக் கூலி பெற்றுக்கொண்டு, பட்டியை அப்பி மறைத்திருக்கிறார். அந்தத் தகட்டை நம்பித்தான் வாப்பா தம் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு பல்லாண்டுகள் ஓட்டியிருக்கிறார்! அதுவரை பேசாதிருந்த உம்மா, "பிள்ளைகளெல்லாம் அதில்தானே வாப்பா இருந்தீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்ததும், உள்ளே ஈரம் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரை வினவியதும் நம் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. குறையுள்ள பொருளை விற்பதை அவர்கள் கண்டிக்கவில்லை. குறையை மறைப்பதையே கண்டித்தார்கள். நனைந்த தானியத்தை வாங்கியவர் காசைத்தான் இழப்பார். பட்டியால் மறைத்த வண்டியை வாங்கியவர் உயிரையே இழக்கக்கூடும். ஆகவே மூன்று வழிகளுள் மறைப்பது என்னும் வழி நமக்கு மூடப்பட்டுவிட்டது.

எஞ்சியவை இரண்டு. காப்பதென்றால் எப்படிக் காப்பது? இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். பழையதின்மீது கொண்ட பாசம் தம் உடலையும் வீட்டாரையும் மறக்கச் செய்துவிடுகிறது. வண்டி வாப்பா விட்டுச்சென்ற பொருள். உடலோ இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். முன்னதற்காகப் பின்னதைப் பணயம் வைத்தல் எங்ஙனம் முறையாகும்?

எனவே நண்பருக்குக் கூறியதை இங்கும் கூறுகிறோம். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கன்று. வெறும் ஜாக்கியையோ, அடுக்கிய செங்கல்லையோ நம்பி வண்டிக்கு அடியில் படுத்தல் தற்கொலைக்கு ஒப்பாகும். உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். நமது கொல்லைகளோ மணற்பாங்கானவை. தடித்த பலகை பரப்பாவிடில் ஸ்டாண்டும் சாயும். துருவேறிய பகுதிக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் அதுவும் பொத்துக்கொண்டு போகும். வேலையைத் தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டி காலியாக இருக்கிறதென்று ஏமாந்து அதன் அருகே வெல்டிங் நெருப்பைக் கொண்டுபோகலாகாது. நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டியே கொடியது. அதனுள் ஆவியும் காற்றும் கலந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சமையற்கட்டின் அடுப்பு வரையிலும் செல்ல வல்லது.

கண்ணுக்குத் தெரியாத கேடுகளும் உள. அக்காலப் பெயிண்ட்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலும், பிரேக் தூசியை ஊதினாலும் அவை நுரையீரலில் போய்த் தங்கும். நனைத்துத் தேய்ப்பதும், தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதும், தகுந்த முகமூடியும் கண்ணாடியும் அணிவதும் இன்றியமையாதவை. வேலைக்கு உடுத்திய கைலியோடு வந்து குழந்தையைத் தூக்கலாகாது. ஈயம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளையே மிகுதியாகத் தாக்கும். அடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடலாகாது. இந்த வண்டியின் முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டுகளில் பெரும் விசை அடங்கியிருக்கிறது. அவற்றைக் கைதேர்ந்த மெக்கானிக்கிடமே விட்டுவிட வேண்டும். தன்னால் இயலாததை ஒப்புக்கொள்வதும் அறிவின் ஒரு பகுதியே.

துரு நீக்குவதிலும் ஒழுங்குண்டு. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, குழிகளில் தங்கிய உப்பு போக நல்ல தண்ணீரால் கழுவி, முற்றும் உலர்த்தி, அதன் பின்னரே பிரைமர் பூச வேண்டும். உப்பை உள்ளே வைத்துப் பூசியவன் துருவுக்குப் போர்வை போர்த்தியவனே ஆவான். எஞ்சின் உறுமுவதைக் கேட்க எல்லார்க்கும் ஆவல்தான். ஆயினும் பிரேக்கைச் சீர்செய்த பின்னரே எஞ்சினைத் தொடுதல் நன்று. ஓடக் கற்பதற்கு முன் நிற்கக் கற்றல் வண்டிக்கும் நலம், மனிதனுக்கும் நலம்.

இவ்வாறு தகடு, கதவு, எஞ்சின் என்று ஒவ்வொன்றாய் மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் எஞ்சுவது வாப்பாவின் வண்டிதானா? அறிஞர்கள் நெடுங்காலமாய் வினவிவரும் கேள்வி இது. சட்டம் இதற்கு ஒருவகையில் விடை கூறியிருக்கிறது. 2021-இல் வந்த ஒன்றிய அரசின் விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் ஊர்தியாகப் பதிவு செய்யலாம்; ஆனால் அதன் அடிச்சட்டமோ, உடலோ, எஞ்சினோ பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் கூடாது. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் அனுமதியில்லை.

நம் கரையிலேயே இக்கேள்விக்கு வேறொரு விடை நின்றிருந்தது. 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலத்தைச் சொல்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் அதன் இரும்பு உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில், விழுந்த உத்திரங்கள் பலவற்றைக் கடலிலிருந்தே மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் எழுப்பினர். அதன்பின் நாம் அதனை வேறு பாலமென்று கூறவில்லை. பாம்பன் பாலம் என்றே கூறினோம். ஒரு பொருள் அதுவாகவே இருப்பது அதன் இரும்பினால் மட்டுமன்று. அதன்மீது இடைவிடாது செலுத்தப்படும் கவனிப்பினாலும்தான். உப்புக் காற்றின் நடுவே அப்பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றது, சலியாமல் துரு சுரண்டி வண்ணம் பூசிய பெயரறியாத் தொழிலாளர்களால் அல்லவா?

ஆயினும் அப்பாலமே மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. 2022 டிசம்பரில், நடுவிலிருந்த தூக்குப் பகுதி பழுதடைந்து பாதுகாப்பு ஐயத்திற்குள்ளானபோது, அதன்மீது இரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின்மீது நமக்குள்ள பாசம் எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் பாசம் உத்திரங்களைத் தாங்காது. காக்க இயலும்வரை காத்து, இயலாதபோது மரியாதையோடு ஓய்வு கொடுப்பதும் காத்தலே. ஆகவே, கைவிடுவது எப்போதும் நன்றியின்மை ஆகாது. உயிரைக் கருதிக் கைவிடுவது கடமையும் ஆகும்.

நண்பர் ஒரு முடிவுக்கு வந்தார். சுரண்டுவதும் கழுவுவதும் பூசுவதும் அவர் கைவேலை. தகடு வைத்துப் பற்றவைப்பது தேர்ந்த டிங்கரின் வேலை. எல்லாம் முடிந்து, உடலும் பிரேக்கும் உறுதியெனத் தக்கவர் சான்று கூறும்வரை பிள்ளைகள் எவரும் அதில் ஏறுவதில்லை. உறுதியில்லை என்று அவர் கூறிவிட்டால், ஓடாத வண்டியாகவே அது கொட்டகையில் நிற்கும். "வாப்பாவை ஏமாற்றியவர் யாரென்று தெரியாது, தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? என் பிள்ளைகளை நான் ஏமாற்றாமலிருந்தால் போதும்" என்றார் அவர். எடைக்குப் போடச் சொன்ன தம்பியே மறுநாள் உப்புத்தாள் வாங்கிவந்தார் என்று பின்னர் அறிந்தோம்.

இரும்புக்கு மட்டுமா துரு? குடும்பத்தில் ஒரு மனத்தாங்கல், வணிகத்தில் ஒரு பொய், உள்ளத்தில் ஒரு பொறாமை: இவற்றின்மீதும் நாம் எத்தனை முறை பட்டி பூசிப் பளபளப்பாக்கி வைக்கிறோம்! சுரண்டினால் வலிக்கும், அசிங்கம் வெளியே தெரியும். ஆனால் சுரண்டிய இடத்தில்தான் வண்ணம் நிற்கும்.