நோயுற்ற குழந்தையும் நமது நற்காட்சியும்



புதுவை ரெட்டியார்பாளையத்தில் நம்மவர் இல்லம் ஒன்றைக் கருதிப் பாருங்கள். ஏழு வயதுச் சிறுவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கோரிமேடு ஜிப்மர் மருத்துவர்கள் கூறுகின்றனர். அன்னை அவனோடு மருத்துவமனையில் தங்குகிறாள். தந்தை விடுப்பும் கடனும் வேண்டி அலைகிறார். அக்காள் அண்டை வீட்டில் உண்டு பள்ளி செல்கிறாள். காண வந்த உறவினரோ, "எல்லாம் முன்வினைப் பயன்" என்று சொல்லிச் செல்கின்றனர். அச்சொல் அன்னையின் நெஞ்சை நோயினும் கொடிதாக வருத்துகிறது.

வினைக்கொள்கை நம் ஆகமத்தின் உயிர்நிலை. ஆயினும் எவ்வுயிர்க்கு எவ்வினை உதயமாயிற்று என்பதைக் கேவலஞானியே அறிவார். நாம் அறிந்தவர்போல் தீர்ப்புரைத்தல் அறமாகாது.

உத்தாயன மன்னன் வரலாற்றை நினையுங்கள். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன், உண்ட உணவை மன்னன்மீது உமிழ்ந்தான். மன்னன் முனிவரின் வினையை ஆராயவில்லை. தான் அளித்த உணவில் குறை நேர்ந்ததோ என்று தன்னையே நொந்து, அவர் மேனியைத் தன் கையால் தூய்மை செய்தான். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அருவருப்பின்மைக்கு அவனே சான்று.

இந்நோய் தொற்றுவதன்று, பெற்றோர் பிழையால் வந்ததுமன்று. 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை மருந்தால் சிறிது காலம் தணித்துக் காட்டினார். அவ்வகை மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். இன்று செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலந்தாழ்த்தி நோயறிதலும், ஆண்டுக்கணக்கில் நீளும் சிகிச்சையை இடையில் கைவிடுதலும் அதற்குப் பெருங்காரணங்கள். கைவிடாமல் தாங்குவது உற்றார் கையில் உள்ளது.

ஆகவே ஔஷத தானம் என்பது மருந்து வாங்கித் தருவது மட்டுமன்று. குருதி கொடுத்தல், பயணச் செலவை ஏற்றல், அக்காளைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணல் யாவும் அதுவே. சிகிச்சையின்போது சிறு கிருமியும் குழந்தைக்குத் தீங்காகும். கூட்டமாய்ச் சென்று காணாதீர்கள். வடிகட்டிக் காய்ச்சிய நீரருந்தும் நம் மரபு அங்கே பெரிதும் துணையாகும்.

எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. இழந்த பெற்றோரின் நெஞ்சு தளராமல் நிலைநிறுத்துதலும் நற்காட்சியின் உறுப்பே.

இனி அவ்வில்லத்தின் வாயிலில் நிற்கும்போது வினையைப் பேசாதீர்கள், "நான் இன்று செய்ய வேண்டியது யாது?" என்று கேளுங்கள்.

அறம் வளர்க!