ஆய்வுகூட விதிகளும் அயலான் உயிரும்

கொக்கிளாய்க் கடற்கரையிற் கருமணலை அள்ளிப் பார்ப்பவனுக்கு அது வெறும் மணலாகவே தோன்றும். கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த அக்கிராமத்திலிருந்து புல்மோட்டை வரை பரந்து கிடக்கும் அம்மணலில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கன் ஆகிய கனியங்களோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றிலே கதிர்த்தொழிற்பாடுடைய தோரியம் அடங்கியுள்ளது. கரையில் ஏனைய மணலோடு கலந்து கிடக்கையில் அதன் செறிவு மிகக் குறைவு. ஆய்வின் பொருட்டு அதனைப் பிரித்துச் செறிவாக்கும்போதோ நிலைமை மாறுகிறது. அதன் நுண்டுகள் மூச்சோடு உட்சென்றால் தீங்கு விளைக்கும்.

பல துறையினர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுகூடக் கட்டடம் ஒன்றுக்கு அம்மணல் வந்து சேர்வதாகக் கொள்வோம். ஆய்வாளன் ஒருவன் மொனசைற்றைப் பிரித்தெடுத்துப் போத்தலில் இடுகிறான். பெயரோ திகதியோ எழுதாது மேசைமீது வைத்துச் செல்கிறான். அதனுள் இருப்பது யாதென அவன் அறிவான். மறுநாள் அம்மேசைக்கு வரும் தாவரவியல் மாணவி அறியாள். மாலையிற் கூட்டித் துடைக்கும் சிற்றூழியரும் அறியார். ஆபத்து மூவருக்கும் பொது. அறிவு ஒருவனுக்கே உரியது. பாதுகாப்பு விதிகள் பற்றிய அறவியல் வினா இங்கேதான் பிறக்கிறது.

‘என் உயிருக்கு நானே பொறுப்பு; என்னை விதிகளாற் கட்டுவது ஏன்?’ எனத் துணிவுள்ள ஆய்வாளன் வினவக்கூடும். தனியே கடலில் இறங்குபவன் அவ்வாறு கூறினால் அதில் ஓரளவு நியாயம் உண்டு. பகிர்ந்துகொள்ளும் கூரையின் கீழ் அக்கூற்று நில்லாது. ஒருவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். பிறன் உயிரை அவன் அறியாமலே பணயம் வைப்பதற்குத் துணிவு என்று பெயரில்லை.

வேறு சிலர், நல்லவனுக்கு விதி எதற்கு என்பர். தண்டனைக்கு அஞ்சிச் செய்வது அறமாகாது என்றும் வாதிப்பர். அவ்வாதம் மனத்தின் தூய்மையைப் பற்றியது. மூடிய போத்தலினுள் இருப்பதை எத்துணைத் தூய மனமும் கண்டறிய மாட்டாது. அதனை அறிவிப்பது அதன்மீது ஒட்டப்பட்ட துண்டுத்தாளே. ஆகவே பெயரெழுதுதல், பதிவேட்டிற் குறித்தல், பயன்படுத்திய பின் உரிய முறையில் அகற்றுதல் என்பன வெறும் அலுவலகச் சடங்குகள் அல்ல. அறிந்தவன் அறியாதவனுக்குச் செலுத்தும் கடன்கள்.

இக்கடன் தவறியதால் நேர்ந்ததற்கு டில்லியே சான்று. டில்லிப் பல்கலைக்கழக இரசாயனத்துறை 1968 இல் வாங்கிய காமாக் கதிர்வீச்சுக் கருவியொன்று 1985 இன் பின் பயன்பாடின்றிக் கிடந்தது. 2010 பெப்ரவரியில் அது ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையைச் சென்றடைந்தது. அங்கே அதனைப் பிரித்த தொழிலாளர், உள்ளே கோபாற்று-60 இருப்பதை அறியார். பலர் நோயுற்றனர்; ஒருவர் ஏப்ரலில் உயிர் நீத்தார். கோபாற்று-60 இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 5.27 ஆண்டுகள். அதன்படி நோக்கின், கருவி கைவிடப்பட்ட காலத்திலிருந்த வீரியத்தில் 27 இல் ஒரு பங்கே 2010 இல் எஞ்சியிருந்திருக்கும். அப்பங்கே உயிரைக் குடிக்கப் போதுமாயிருந்தது. பல்கலைக்கழகம் மறந்த பொருள் தன் இயல்பை மறக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர் ஒருநாளும் அவ்வாய்வுகூடத்துட் புகாதவர்.

விதிகள் நிறைவானவையும் அல்ல. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியை கரன் வெட்டர்ஹான் 1996 இல் கையுறை அணிந்தே பணியாற்றினார். கையுறைமீது சிந்திய இருமெதைல் இரசத்தின் சில துளிகள் அதனை ஊடுருவின. மறு ஆண்டு அவர் இறந்தார். அதன் பின்னரே அப்பொருளைக் கையாளுவோர்க்குரிய கையுறை விதி திருத்தப்பட்டது. எனவே விதியை மதிப்பவன் அதன் குறையைச் சுட்டிக்காட்டவும் கடமைப்பட்டவன்.

விதியினின்று விலக்குப் பெறுவோர் பெரும்பாலும் பதவியில் உயர்ந்தோராகவும், விதி மீறப்படும்போது துன்புறுவோர் தாழ்ந்தோராகவும் இருப்பதும் ஆராயத்தக்கது. சிற்றூழியர் வாசிக்க இயலாத ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்பட்ட எச்சரிக்கை, அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத எச்சரிக்கையே. விரிவுரையாளர் காலணியின்றி நுழையும் கூடத்தில் மாணவர்க்கு விதி கற்பித்தலும் வீண்முயற்சியே.

வன்னி மண்ணுக்கு இதனை நூல்கொண்டு கற்பிக்க வேண்டியதில்லை. 1984 இல் இடம்பெயர்ந்த கொக்கிளாய் மக்கள், 2009 இல் போர் முடிந்த பின்னரே ஊர் திரும்பினர். கண்ணிவெடி புதைக்கப்பட்ட வன்னி நிலங்களிலே, மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் இடத்தைவிட, பலகை இல்லாத இடத்தையே மக்கள் அஞ்சினர். புதைத்தவன் அறிந்திருந்தான்; விறகு பொறுக்க வந்தவள் அறியாள். போரின் பகைமையும் ஆய்வாளனின் மறதியும் ஒன்றாகா. ஆயினும் அடையாளமின்றி விடப்பட்ட ஆபத்து, விட்டவனின் நோக்கத்தை வினவிய பின் தாக்குவதில்லை. போத்தலின்மீது ஒரு பெயரும் ஒரு திகதியும் எழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை முகமறியா அயலானுக்காகச் செலவிடும் மனமே ஆய்வாளனுக்கு வேண்டிய முதற் கல்வி.